பரீட்சைக்கு ஒரு சொத்தைப் பல்

அமராவதிக்கு எது பிடிக்கவில்லையோ அது சொத்தை. கத்திரிக்காயில் ஆரம்பித்த பழக்கம் அது. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருப்பவள். மூட்டையைக் கொட்டியதும் ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்ப்பாள். எங்கேயாவது குண்டூசி குத்தினாற்போல் ஓர் ஓட்டை தெரிந்தால் போதும், "சொத்தை" என்று சொல்லிப் பின்பக்கம் எறிவாள். அந்தச் சொல் கடையோடு நிற்கவில்லை. அவளோடு பஸ் ஏறி அவள் ஊரான குடிகாட்டுக்கு வந்து, வீட்டிலும் குடியேறிவிட்டது. வாயில் போட்டதும் கசக்கிற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சொத்தை என்றால் நியாயம். நேரத்துக்கு வராத டவுன் பஸ்ஸும் சொத்தை. புருஷன் சாமிக்கண்ணு ஆசையாக வாங்கி வந்த மிக்ஸியும் சொத்தை. எதிர் வீட்டுக்காரர்கள் முடித்த சம்பந்தம் சொத்தை, அந்தக் கல்யாணத்தில் போட்ட சாம்பார் சொத்தை. அவள் வாயால் நல்ல பெயர் வாங்கிய பொருள் எது என்று கேட்டால், சாமிக்கண்ணு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடினாள். அந்த இடம் அவளுடைய ஓரகத்தி மாலதியின் குடும்பம்.

மாலதி, சாமிக்கண்ணுவின் தம்பி அருள்முருகனின் மனைவி. அமராவதிக்கு நாலு வருஷம் பின்னால் அந்த வீட்டுக்கு வந்தவள். வந்ததும் டீச்சர் வேலை கிடைத்து, புருஷனையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் போய், மாடி வீடும் கட்டிவிட்டாள். சரி, போகட்டும் என்றால் அவளிடம் குறையாவது சொல்ல முடிய வேண்டும். அதுவும் முடியவில்லை. பண்டிகைக்கு முதல் ஆளாக வந்து "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றிக்கொண்டு நிற்பாள். சமையலறையில் புகுந்து பாத்திரம் தேய்ப்பாள். அமராவதி எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்த வீட்டில் ஓர் ஓட்டை தெரியவில்லை. அதுதான் அவள் வயிற்றை எரித்தது.

எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றினது பிள்ளைகளின் படிப்பு. அமராவதியின் மகன் அன்புமணியும் மாலதியின் மகள் இசைவாணியும் ஒரே வருஷம் பிளஸ் டூ முடித்து, ஒரே நாள் நீட் எழுதினார்கள். ரிசல்ட் வந்தது. இசைவாணிக்குச் சிதம்பரத்திலேயே பல் டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தது. அன்புமணிக்கு எதுவும் கிடைக்கவில்லை. மாலதி போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது அமராவதி, "ரொம்ப சந்தோஷம்" என்றுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டு, "பல்லு டாக்டர்லாம் ஒரு டாக்டரா? நாள் பூரா சொத்தையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்" என்றாள். அப்புறம் அங்கே நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்து, "நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் சொத்தையாப் பூட்டுது" என்றாள்.

அன்புமணி தட்டை எடுத்துப் போட்டுச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டான். சொன்னவள் அன்று சாயங்காலமே அதை மறந்துபோனாள். நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிற சொல், அதில் ஒன்றை மட்டும் யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? பையன் ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, பிற்பாடு ஐடிஐ படித்து, கடலூரில் ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தான். வேலை ஒன்றும் மோசமில்லை. ஆனால் மார்க்கெட்டில் யாராவது "பையன் என்னா பண்றான்?" என்று கேட்டால் அமராவதி கத்திரிக்காயைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

வருஷங்கள் ஓடின. இசைவாணி கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள். அந்த ஆவணியில் மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து. பந்திக்கு முன்னால் முறுக்கு கொடுத்தார்கள். அமராவதி கடித்தவள், "ஸ்ஸ்" என்று இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த இசைவாணி சட்டென்று திரும்பினாள்.

"பெரியம்மா, வாயத் தொறங்க."

"ஒண்ணுமில்லடி. முறுக்கு கல்லாட்டம் இருக்குது, சொத்தை முறுக்கு."

"தொறங்க பெரியம்மா."

போனில் லைட்டைப் போட்டு உள்ளே பார்த்தாள். பார்த்த பெண்ணின் முகத்தில் வந்த சந்தோஷத்தை அமராவதி இதுவரை யார் முகத்திலும் கண்டதில்லை. அதுவும் தன்னைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

"எத்தினி மாசமா இத தேடிக்கிட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள் இசைவாணி. "சூப்பர் சொத்தை பெரியம்மா."

விஷயம் இதுதான். அந்தப் படிப்பில் கடைசிப் பரீட்சைக்கு நோயாளியைப் படிக்கிறவர்களே தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஏதோ ஒரு சொத்தை ஆகாது. இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் விழுந்த சொத்தையாக இருக்க வேண்டும். பக்கத்துப் பல்லும் இருக்க வேண்டும், எதிர்ப் பல்லும் இருக்க வேண்டும். சொத்தை நரம்பைத் தொட்டிருக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினர் முன்னால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைத்துக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட வாய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

"எங்க கிளாஸ் ரேகா ஒரு ஆள புடிச்சி வெச்சிருந்தா பெரியம்மா. பஸ் சார்ஜ் குடுத்து, பிரியாணி வாங்கிக் குடுத்து, ஒழுங்கா வந்துக்கிட்டிருந்தாரு. ஒரு பையன் பிரியாணியோட சிக்கன் பீசும் சேத்து வாங்கிக் குடுத்து ஆளக் கொத்திக்கிட்டுப் போய்ட்டான். ரேகா அழுவுறா."

மாலதியும் வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அமராவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மாசியில பரீட்ச. அவளுக்காக ஒரு நாளு வந்துட்டுப் போங்க. நீங்க மனசு வெச்சாத்தான் ஆவும்."

அமராவதி அந்தக் கையைப் பார்த்தாள். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாலதி கொடுத்துத்தான் பழக்கம். கேட்டது இதுதான் முதல் தடவை. மாடி வீடு, டீச்சர் வேலை, டாக்டர் மகள் எல்லாம் வந்து கடைசியில் தன் வாய்க்கு முன்னால் நிற்கின்றன என்று நினைத்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. வலிகூடக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"பாக்கலாம்" என்றாள்.

அன்றிலிருந்து அமராவதிக்கு ராஜமரியாதை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இசைவாணி போன் செய்தாள். "அந்தப் பக்கம் இனிப்பு வெச்சி மெல்லாதீங்க பெரியம்மா. வேற டாக்டருகிட்ட காட்டிப்புடாதீங்க, அவங்க அடைச்சிருவாங்க." மாலதி மெத்தென்ற பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அருள்முருகன் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால்கூட இறங்கி, ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு, "அண்ணி, பல்லு எப்பிடி இருக்கு?" என்று விசாரித்தார். தீபாவளிக்கு வந்த புடவை மாலதி தனக்கு எடுத்துக்கொண்டதைவிட உசத்தி.

முதலில் ருசியாகத்தான் இருந்தது. நாளாக ஆக அதிலும் ஒரு முள் தட்டுப்பட்டது. போன வருஷம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது இப்படி ஞாயிறுதோறும் யார் போன் செய்தார்கள்? புடவை அவளுக்கு வரவில்லை, பல்லுக்கு வந்திருக்கிறது. கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்தாள். தன் பல்லைப் பார்த்தே பொறாமைப்படுகிற அளவுக்கு அவள் நிலைமை வந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் வாக்குக் கொடுத்தபடி போய் வந்திருப்பாளோ என்னவோ. தீபாவளியன்று மாலதி நல்ல எண்ணத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். அதிரசம் எடுத்து வைத்துக்கொண்டே, "படிப்ப முடிச்சதும் மேல வீதிப் பக்கம் ஒரு எடம் பாத்து கிளினிக் வெச்சிக் குடுக்கலாம்னு இருக்கோம் அக்கா. அன்புமணியையும் அங்கயே வெச்சிக்கலாம். போன் எடுக்குறதுக்கு, வர்றவங்களுக்குச் சீட்டு எழுதிக் குடுக்குறதுக்கு நம்ப ஆளா ஒருத்தன் இருந்தா நல்லது. கிரீஸ் கையோட எத்தினி நாளைக்கு இருப்பான்?" என்றாள்.

அமராவதி சிரித்தாள். சிரித்த வாய்க்குள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் பெண் உள்ளே டாக்டர், என் பிள்ளை வாசலில் சீட்டுக் கிழிக்கிறவன். ஒரே நாள் பரீட்சை எழுதின பிள்ளைகள். அன்று அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். பரீட்சைக்குப் போவது என்பதுதான் அந்த முடிவு. ஆனால் பரீட்சைக்கு உதவாத பல்லோடு போவது. அந்தப் பெண் ஆசையாக வாயைத் திறந்து பார்க்கிற நேரம், எக்ஸாமினர் பக்கத்தில் நிற்கிற நேரம், அவள் முகம் எப்படிச் சுண்டிப் போகிறது என்று கிட்டத்தில் இருந்து பார்ப்பது. அவளைவிட அவள் அம்மா முகத்தைப் பார்ப்பது.

மறுநாளிலிருந்து மார்க்கெட் விட்டு வரும்போது மல்லாட்டை உருண்டை வாங்கி வந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்து இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். பாகு பல் இடுக்கில் ஊறி இறங்கும்வரை வைத்திருந்து, வாய் கொப்பளிக்காமல் படுத்துக்கொள்வாள். மெத்தென்ற பிரஷ்ஷால் சாமிக்கண்ணுவின் செருப்பைத் துடைத்தாள். ஊரில் அடுத்தவருக்குச் செய்வினை வைத்தவர்கள் உண்டு. சொந்தப் பல்லுக்கு வைத்துக்கொண்டவள் குடிகாட்டில் இவள் ஒருத்திதான்.

வினை வேலை செய்தது. கார்த்திகையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்றது. மார்கழியில் வெந்நீர் பட்டாலும் சுருக்கென்றது. பொங்கலுக்குள் எதுவும் படாமலேயே விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கடை பொன்னி, "ஏன் அமராவதி, கன்னத்துல கைய வெச்சிக்கிட்டே இருக்கியே, வியாபாரம் டல்லா?" என்று கேட்டாள். வலியில் கண்ணீர் வந்தாலும் அமராவதிக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. வலிக்க வலிக்க அங்கே ஒரு கிளினிக் போர்டு இறங்குகிறது என்று நினைத்துக்கொள்வாள். ஒரு நாள் உருண்டையைக் கடித்தபோது பல்லில் பாதி உடைந்து உருண்டையோடு வந்தது.

அன்புமணி அதைப் பார்த்துவிட்டான். அவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, டீயை ஆற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்போதும் டீயைத் தண்ணீர் மாதிரி ஆற வைத்துத்தான் குடிப்பான். போனைப் பார்த்துக்கொண்டே ஆற விடுகிறான் என்று அவள் தினமும் திட்டுவாள்.

"வா, இப்பவே இசைவாணிகிட்ட காட்டலாம்" என்றான்.

"பரீட்ச அன்னிக்குத்தான் போவணும்னு சொல்லியிருக்கா."

"பல்லு ஒடஞ்சி போச்சும்மா. இது இனிமே பரீட்சைக்கு ஆவாது. அவகிட்ட இப்பவே சொன்னா வேற ஆள பாத்துக்குவா."

அமராவதியின் கண் ஒரு தடவை அடுப்பு மேல் போய் வந்தது. அன்புமணி அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே மல்லாட்டை உருண்டைப் பொட்டலங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. இனிப்பே தொடாத அம்மா ரெண்டு மாதமாக எதற்கு உருண்டை வாங்கினாள் என்பது அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"வேணும்னேவாம்மா?" என்றான்.

"ஆமாண்டா, வேணும்னேதான்" என்றாள் அமராவதி. பிடிபட்ட பிறகு மறைப்பானேன். "உனக்கு ரோஷம் கெடயாது, எனக்கு இருக்குது. உன்ன வாசல்ல ஒக்கார வெச்சிச் சீட்டு எழுத சொல்றா அவ. உன் எடத்துலடா அவ பொண்ணு ஒக்காந்திருக்குறா."

"என் எடம்னு ஒண்ணும் இல்லம்மா. அவ மார்க்கு எடுத்தா, போனா. அவ படிச்சது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"அவளுக்குப் பரிஞ்சி பேசுற பாரு, அதான் எனக்குத் தாங்கல."

அவன் டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தான். "சரி விடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அந்த "சரி விடு" அவனுக்கு வழக்கம். அதனால் அமராவதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாலதியும் இசைவாணியும் வீடு தேடி வந்தார்கள். அமராவதி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே பேசினாள். இசைவாணி ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "அன்னிக்கு வந்து தொறக்குறேன்டி, எங்க போயிடப் போறேன்" என்றாள். இசைவாணி வற்புறுத்தவில்லை. "வலி ஜாஸ்தியா இருந்தா அதுக்கு முன்னாடியே வந்துடுங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதில் ஏதோ இருந்தது. அமராவதி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அவள் மாலதி கட்டியிருந்த புதுப் புடவையைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நாள் வந்தது. அன்புமணி விடிந்ததும் ஷோரூமில் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டான். அமராவதி தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் பல் தெறித்தது. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கண்ணில் பொறி பறந்தது. ஆனாலும் மனசு பண்டிகைக்குப் போகிறதுபோல் இருந்தது. இசைவாணி முகம் எப்படி விழும், மாலதி என்ன சொல்லி அழுவாள், தான் அப்போது எப்படி "அய்யய்யோ, எனக்குத் தெரியாதேடி" என்று கன்னத்தில் கை வைக்க வேண்டும் என்று முட்லூர் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துவிட்டாள்.

கல்லூரி வராந்தாவில் திருவிழாக் கூட்டம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு நோயாளியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்கள். ஒரு பையன் தான் பிடித்து வந்த தாத்தா ஒருவரைக் கக்கூசுக்குக்கூடத் தனியாக விடாமல் பின்னாலேயே போனான். மாலதி ஓரமாக நின்றிருந்தாள். அமராவதியைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா அக்கா" என்றாள். இசைவாணியும் உள்ளேயிருந்து வந்தாள்.

"வாயத் தொறங்க பெரியம்மா."

அமராவதி ஐந்து வருஷத்துப் பொறாமையையும் சேர்த்து வாயைத் திறந்தாள். திறந்துகொண்டு, அந்த முகத்தை இமைக்காமல் பார்த்தாள்.

முகம் விழவில்லை. இசைவாணி உடைந்த பல்லைக் கண்ணாடி வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தாள். "ரொம்ப வலிச்சிருக்குமே. எப்பிடிப் பொறுத்துக்கிட்டிருந்தீங்க?" என்றாள். "நரம்பு மட்டும் இல்ல, வேரு வரைக்கும் போயிடுச்சு பெரியம்மா. அடைக்க முடியாது. எடுத்துடலாம். அங்க எங்க சீனியர் அக்கா இருக்காங்க, சொல்லி வெச்சிருக்கேன்."

"உன் பரீட்ச?" என்றாள் அமராவதி. ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை. தானாக வந்துவிட்டது.

"அதுக்கு ஆளு இருக்குது பெரியம்மா. போன வாரமே பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அமராவதி அதன் வழியே பார்த்தாள். வரிசையாக நாற்காலிகள், வரிசையாகத் திறந்த வாய்கள். மூன்றாவது நாற்காலியில் பச்சைத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மல்லாந்திருந்தவனின் கால்கள் நாற்காலியைத் தாண்டி நீண்டிருந்தன. விரல் இடுக்கில் கிரீஸ் கறை போகாத கால்கள். ஷோரூம் செருப்பு கீழே ஜோடியாக இருந்தது.

இசைவாணி குனிந்து ஏதோ சொன்னாள். அன்புமணி சிரித்தான். அவன் வாய் நிறையச் சிரித்து அமராவதி பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. வீட்டில் வாயைத் திறந்தால் "சரி விடு" என்பதற்கு மேல் வராதவன், இங்கே அந்தப் பெண்ணிடம் தொண்டை தெரியத் திறந்து வைத்திருக்கிறான். அவள் கை அவன் வாய்க்குள் இருக்கிறது. அமராவதிக்கு நெஞ்சு பொசுங்கியது. இதுவரை பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மாடி வீட்டைப் பார்த்தபோதோ டாக்டர் சீட்டைப் பார்த்தபோதோ இந்த மாதிரி எரிந்ததில்லை.

"தங்கமான புள்ளக்கா" என்றாள் பக்கத்தில் நின்ற மாலதி. "தானா போன் பண்ணி, எனக்கும் ஒண்ணு இருக்குது, பாரு இசைன்னு வந்துட்டான். அம்மாவுக்கு வலி தாங்கல, அவுங்கள தொந்தரவு பண்ண வேணாம்னு வேற சொன்னான். நீங்களா வர்றப்ப உங்க பல்லையும் பாத்துடலாம்னு இசை சொன்னா. பாவம், ரெண்டு வருஷமா கூசுதாம் அவனுக்கு. சூடா ஒண்ணும் குடிக்க முடியாதாம். ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டிருந்திருக்கான். உங்களுக்குத் தெரியாதாக்கா?"

மாலதி அதைக் குத்திக் கேட்கவில்லை. குத்திக் கேட்டிருந்தால் அமராவதிக்குப் பதில் சொல்லத் தெரியும். "தெரியும், தெரியும்" என்றாள். ஆறின டீ தம்ளர் ஒன்று அவள் கண் முன்னால் வந்து நின்றது.

எக்ஸாமினராக வந்த அம்மா மூன்றாவது நாற்காலிக்கு வந்து, கண்ணாடியால் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். மாலதி கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அமராவதியைச் சீனியர் டாக்டர் கூப்பிட்டார். ஊசி போட்டார்கள். பல் இரண்டு துண்டாக வந்தது. "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு சின்ன அடைப்போட போயிருக்கும்மா" என்றார் அந்த டாக்டர். பள்ளத்தில் பஞ்சை வைத்து, "நல்லாக் கடிச்சிக்கிங்க. ஒரு மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாது, பேசக் கூடாது, துப்பக் கூடாது" என்றார்.

அம்மாவும் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் கிளம்பினார்கள். ஏற்றிவிட வந்த இசைவாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் பெரியம்மா" என்றாள். எதற்குத் தேங்க்ஸ் என்று அமராவதியால் கேட்க முடியவில்லை. பிள்ளையைப் பெற்றதற்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பஸ் ஊரைத் தாண்டியது. அன்புமணிக்கு ஒரு பக்கம் மரத்துப் போயிருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறியது. அவன் பேச ஆரம்பித்தால் நடுவில் புகுந்து முடித்து வைக்கிற அம்மா இன்றைக்குப் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது முட்லூர் தாண்டித்தான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"கோவமாம்மா?" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எதிரா பண்ணணும்னு இல்ல. அவ வருஷம் வீணாப் போவக் கூடாதுன்னுதான். ஒரு வருஷம் போனா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவள் திரும்பினாள். தன் கன்னத்தைத் தொட்டு, அவனைக் காட்டி, கையை விரித்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"உன்கிட்ட சொன்னா நீ எட்டிப் பாத்துட்டு அந்த வார்த்தையத்தான் சொல்லுவ" என்றான். "ரிசல்ட் வந்த அன்னிக்கி ஒரு தடவ சொன்ன. நீ மறந்திருப்ப. அதுக்கப்புறம் அந்தச் சொல்லு வீட்டுல எங்க காதுல விழுந்தாலும், கத்திரிக்காயச் சொன்னாலும், பஸ்ஸச் சொன்னாலும், என்னியத்தான் சொல்றன்னு தோணும். பல்லையும் காட்டி இன்னொரு தடவ எதுக்கு வாங்கிக் கட்டிக்கணும்னு விட்டுட்டேன். போன வாரம் அவ பாத்தா. அவளும் அதையேதான் சொன்னா. 'சின்ன சொத்தைதாண்ணா, சரி பண்ணிடலாம்'னா. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஊசி மருந்துக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். அமராவதி அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். மரத்துப்போன பக்கம் லேசாகத் திறந்திருந்தது. உள்ளே கடைவாயில் புதிதாக அடைத்த இடம், வெயில் பட்டபோது தெரிந்தது.

ஆலப்பாக்கம் வருவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பஞ்சை எடுத்துவிட்டுப் பேசலாம். குடிகாட்டு நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்கு நடந்து, அவன் கேட்காமலேயே டீ போட்டு, அவன் முன்னால் வைத்து, அது ஆறுவதற்கு முன் அவன் எடுத்துக் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அவள் அந்தப் பஞ்சைத் துப்பவில்லை.